ஒரே காம்பில் மூன்றாம் முறை மடிநோய்

கேள்வி: திருவட்டாறு பக்கம் ரப்பரோடு இரண்டு மாடும் வைத்திருக்கிறேன். ஒன்று ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈற்று. பின்பக்க வலது காம்பில் நான்கு மாதத்தில் மூன்று தடவை மடிநோய். பால் திரிதிரியாக வருகிறது. மருந்துக் கடையில் தந்த, காம்புக்குள் ஏற்றும் ஆன்டிபயாட்டிக் டியூப் முதல் தடவை கேட்டது, இப்போது கேட்கவில்லை. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வேறு வழி உண்டா?

பதில்: உண்டும்மா. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் செக்கச்செவேல் என்று விழுது வரும். கெட்ட பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைதான் இது. காய்ச்சல் கண்டாலோ, மாடு தீனி எடுக்காவிட்டாலோ, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, ஒரே காம்பில் ஏன் மூன்று தடவை? எப்படிக் கறக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் போகிற தொழுவங்களில் பாதிக்கு மேல் கட்டைவிரலை மடக்கி, விரலைப் பாலில் நனைத்துத்தான் கறக்கிறார்கள். மடங்கிய கணு ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி காம்பின் உள்தோல் புண்ணாகிறது. கிருமிக்கு அதைவிட என்ன வேண்டும்? கை காய்ந்திருக்கட்டும், ஐந்து விரலும் சேர்த்து முழுக்கையால் கறங்கள். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்பின் துவாரம் மூட அரைமணி நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்கக் கூடாது. தீவனத்தைக் கறந்த பிறகு வையுங்கள், தானாக நிற்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் தரை காய்வதே அபூர்வம். ஈரச் சாணியில் படுத்த மாட்டுக்கு எந்த மருந்தும் நிலைக்காது.

அந்தக் கடைக்காரர் டாக்டர் இல்லை. என்ன கிருமி என்று தெரியாமல் டியூப் தருகிறார். நீங்களும் வீக்கம் வற்றியதும் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். மருந்துக்குத் தாக்குப்பிடித்த கிருமிதான் மடியில் மிஞ்சும், அதுதான் பெருகும். மனிதருக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2019இல் கால்நடைக்குத் தடை செய்ததும் இந்தப் பயத்தில்தான். அடுத்த ஊசிக்கு முன்னால், காம்பு நுனியை ஸ்பிரிட்டில் துடைத்து, முதல் பீச்சலைத் தனியே விட்டு, சுத்தமான குப்பியில் பால் பிடித்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து ஏற்றினால் டாக்டர் சொல்லும் நாள் வரை பால் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். அந்தப் பாலில் தயிர்கூடச் சரியாக உறையாது.

அதுவரை நல்ல மாட்டை முதலில் கறங்கள், இதைக் கடைசியில்.