ஐந்து பேர் கிடைக்கவில்லை

அன்புள்ள ஐயா,

சென்னை வேலையை விட்டுவிட்டு மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் நாலு வருஷமாக இயற்கை விவசாயம் செய்கிறேன். உரத்துக்காகப் பலதானியம் விதைத்து மடக்கி உழுகிறேன், சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம் விடுகிறேன். மண் மாறிவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. ஊரில் 'லேப்டாப் விவசாயி' என்று கிண்டல். விவசாயிகளே ஒருவருக்கொருவர் சான்று சொல்லும் பி.ஜி.எஸ். இயற்கை விவசாயச் சான்றிதழுக்குக் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டுமாம். ஐந்து பேர் கிடைக்கவில்லை. பணம் கட்டித் தனியாகவே வேறு சான்றிதழ் வாங்கிவிடலாமா? அடுத்த சம்பாவுக்குத் தூயமல்லியா, கருப்புக்கவுனியா?

ச.

அன்புள்ள ச.,

எந்த நெல் என்று பக்கத்து வயலில் கேளுங்கள். கிண்டலை விடுங்கள், ஊர் அப்படித்தான். என்னை இங்கே 'பேப்பர்க்காரர்' என்கிறார்கள்.

உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கியிருக்கிறேன். மண்ணில் கரிமம் எவ்வளவு ஏறியது என்று தசமப் புள்ளியோடு எழுதியிருக்கிறீர்கள். ஒரு சதுர அடிக்கு எத்தனை மண்புழு என்று எண்ணியிருக்கிறீர்கள். நடவுக்கு வந்த பெண்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. மேல்மடைக்காரர் யார், கீழ்மடைக்காரர் யார்? நாலு வருஷம் தம்பி! நாலு வருஷத்தில் ஐந்து பேர் கிடைக்கவில்லை என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

திட்டுவதற்காக எழுதவில்லை. தூக்கம் வரவில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தள்ளிப்போடாமல் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஜீவாமிர்தம் அதற்கு மருந்தில்லை.

அந்த ஐந்து பேர் விதியை நீங்கள் இடைஞ்சலாகப் பார்க்கிறீர்கள். உங்கள் வயலில் இன்னொருத்தர் இறங்கிப் பார்த்து, இவர் ரசாயன உரம் போடவில்லை, பூச்சிமருந்து அடிக்கவில்லை என்று கையெழுத்துப் போடுகிறார். அவர் வயலில் நீங்கள் இறங்குகிறீர்கள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல்லைப் பரப்பிய மறைந்த நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்பார். விதை பெருகத்தான் என்பார்கள், சரிதான். ஆனால் திருப்பிக் கொடுக்க ஆள் மறுபடி வந்தாக வேண்டுமே!

எங்கள் அப்பா காலத்தில் எரு என்றால் கிடைதான். உளுந்து எடுத்து முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ராத்திரி வயலில் வலை கட்டி அடைப்பார்கள், மறுநாள் இடம் மாற்றுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கு. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது சும்மா இல்லை, அவ்வளவு சீக்கிரம் பயிரில் தெரியும். ஆனால் அப்பாவின் ஒன்றரை ஏக்கரை மட்டும் நம்பிக் கீதாரி வரமாட்டார். அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து கூப்பிட வேண்டும். கிடை போடவும் ஐந்து பேர் வேண்டும், தம்பி.

அப்பாவும் பக்கத்து வயல்காரரும் வரப்புத் தகராறில் பேச்சை விட்டவர்கள். கிடை பேசும் நாளில் மட்டும் இரண்டு பேரும் அந்த வரப்பில் வந்து நிற்பார்கள்.

"கீதாரி, அவருக்கு எத்தனை ராத்திரி வேணும்னு கேளு" என்பார் அப்பா.

இரண்டடி தள்ளி நிற்பவர், "மூணுன்னு சொல்லு" என்பார்.

கீதாரி சிரிக்காமல் இந்தப் பக்கம் திரும்பி, "மூணாம்" என்பார்.

ஒரு சித்திரையில் நடுராத்திரி கோடைமழை பிடித்துக்கொண்டது. பிறந்து சில நாளே ஆன குட்டிகள் நடுங்கின. கிட்டத்தில் இருந்த ஒரே கூரை பக்கத்து வயல்காரரின் மாட்டுக்கொட்டகை. அப்பா இரண்டு கக்கத்திலும் குட்டிகளை இடுக்கிக்கொண்டு ஓடினார். விடிந்துதான் வந்தார், வேட்டியெல்லாம் சேறும் ஆட்டு வாடையும். அம்மா காபி டம்ளரை நீட்டினாள்.

"வேண்டாம், அங்கேயே குடிச்சாச்சு" என்றார்.