பூஸ்டர் போட்டா இரைச்சலும் சேர்ந்து ஏறுது: வாசகர் கேள்வி, எங்க பதில்

கேள்வி: எல்பிபி-1ங்குற பெடலோட சர்க்யூட்ட பாத்து வீட்லயே கிட்டார் பூஸ்டர் (கிட்டார் சிக்னல ஏத்தி விடுற பெடல்) செஞ்சேன். கடைல 2என்5088 டிரான்சிஸ்டர் இல்லன்னு பிசி547 குடுத்தாங்க, அதயே போட்டேன். சவுண்டு ஏறவே இல்ல, பெடல் ஆஃப்ல இருக்குறத விட கம்மியா, கரகரன்னு வருது. எல்லா ஜாயின்ட்டும் ரெண்டு தடவ சோல்டர் பண்ணிட்டேன். (மதுரை வாசகர்)

பதில்: சோல்டர விடுங்க, முதல்ல டிரான்சிஸ்டரோட கால பாருங்க. தட்டையான பக்கம் நம்மள பாத்து, கால் கீழ இருக்குற மாதிரி பிடிச்சா 2என்5088க்கு இடதுல இருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர், ஆனா பிசி547க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். நீங்க படத்துல இருந்தபடியே சொருகியிருந்தா உள்ள தலைகீழா உக்காந்திருக்கும், அப்பவும் கொஞ்சம் சிக்னல் கசியும், அதனாலதான் "வேலை செய்யுது ஆனா சரியில்ல"ன்னு தோணுது. அத எடுத்து திருப்பி போடாதீங்க, புதுசா ஒண்ணு போடுங்க. பிசி547ல எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவுல தலைகீழா தாங்குறது 6 வோல்ட் தான், நீங்க குடுத்தது 9 வோல்ட் சப்ளை, அதுல அடி வாங்கின டிரான்சிஸ்டர் அப்புறம் சரியா மாட்டினாலும் இரைச்சல் போடும். சில ரூபா சாமான், அதுக்காக ஒரு ராத்திரி முழுக்க மண்டைய உடைச்சுக்க வேண்டாம்.

போட்டதும் மீட்டர டிசி வோல்ட்ல வச்சு கலெக்டர பாருங்க, சுமார் 4 வோல்ட் இருக்கணும். 9 கிட்ட ஒட்டிட்டு நின்னா டிரான்சிஸ்டர் திறக்கவே இல்ல, 1க்கு கீழ கிடந்தா முழுசா திறந்து கிடக்கு, ரெண்டுக்குமே பேஸ்ல இருக்குற ரெண்டு ரெசிஸ்டரதான் முதல்ல சந்தேகப்படணும். 430கே, 43கே கிடைக்கலன்னா 470கே, 47கே போடலாம், விகிதம் அதேதான்.

கேள்வி: பூஸ்டர் நல்லா வேலை செய்யுது, ஆனா 'ம்ம்ம்'னு ஹம் தாங்கல. அதுக்காக ஒரு நாய்ஸ் கேட் (வாசிக்காதப்ப சத்தத்த அடைக்குற) சர்க்யூட்டும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்ல வச்சேன். இப்ப வாசிக்காதப்ப அமைதி, ஆனா நோட்ட நீட்டி விட்டா பாதில வெட்டுது, கடைசில டடடன்னு அடிக்குது. ரூட்டரோட பழைய 9 வோல்ட் அடாப்டர்தான் போடுறேன். (திருச்சி வாசகி)

பதில்: உங்க கேட் மேல பெரிய தப்பு இல்ல, அது தலைல நீங்க தூக்கி வச்ச சுமைதான் தப்பு. கேட் இரைச்சல எடுக்காது, நீங்க வாசிக்காத நேரத்துல கதவ சாத்தும், அவ்ளோதான். எல்பிபி-1ல கலெக்டர்ல இருக்குற 10கே ரெசிஸ்டரும் எமிட்டர்ல இருக்குற 390 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து சிக்னல 20 மடங்குக்கு மேல தூக்குது, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 1960கள் கடைசில நியூயார்க்ல இத கொண்டு வந்தப்பவே வேலை அதுதான், ஆம்ப (ஆம்ப்ளிஃபையர) திணற விடுறது. உள்ள வர்ற ஹம்மும் அதே 20 மடங்கு ஏறும். அந்த ஹம்ம விட உசரமா கேட்டோட திரெஷோல்ட (எந்த அளவுக்கு கீழ போனா கதவ சாத்தணும்ங்குற கோட்ட) வைக்க வேண்டியிருக்கு, நோட் தேய்ஞ்சு அந்த உசரத்துக்கு வந்ததும் ஹம்மோட சேர்த்து அதயும் வெட்டிடுது. ஹம் குறைஞ்சா திரெஷோல்ட இறக்கலாம், இறக்கினா நோட் தானா நீளும்.

அதனால கேட்ட பைபாஸ் பண்ணிட்டு தேட ஆரம்பிங்க. அடாப்டர கழட்டி 9 வோல்ட் பேட்டரி போடுங்க, ஹம் போயிடுச்சுன்னா குத்தவாளி அடாப்டர். பேட்டரிலயும் இருந்தா கிட்டார கழுத்துல மாட்டிட்டு நின்ன இடத்துலயே மெதுவா சுத்துங்க, ஒரு திசைல ஹம் சட்டுன்னு அடங்கி இன்னொரு திசைல ஏறுச்சுன்னா அது கிட்டார்ல இருக்குற சிங்கிள் காயில் (ஒத்த காயில்) பிக்கப் வீட்டு கரன்ட்ல இருந்து வாங்குற ஹம், பெடல்ல தேடி பிரயோஜனம் இல்ல. சுத்தினாலும் மாறல, ஆனா டிபன் பாக்ஸ் பக்கத்துல கைய கொண்டு போனா சத்தம் மாறுதுன்னா பாக்ஸ்தான் காரணம். அலுமினிய பெட்டிக்கு மாத்துங்க, இல்ல உள்பக்கம் ஃபாயில் ஒட்டி அத கிரவுண்டோட சேருங்க, ஃபாயில் எந்த ஜாயின்ட்டயும் தொடாம பாத்துக்கோங்க.

அடாப்டர்தான்னா சப்ளை வழில 100 ஓம் ரெசிஸ்டர், அதுக்கு அப்புறம் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க. பூஸ்டர் இழுக்குறது அரை மில்லிஆம்ப் அளவுதான், அதுனால 100 ஓம்ல வோல்டேஜ் ஒண்ணும் விழாது, 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (சப்ளைல மிச்சமிருக்குற ஏத்த இறக்கம்) மட்டும் சுமார் ஆறுல ஒரு பங்கா இறங்கும். இன்னொண்ணு, ரூட்டர் அடாப்டர்ல பெரும்பாலும் நடு முனை பிளஸ், கடைல வாங்குற பெடல் பெரும்பாலானதுக்கு நடு முனை மைனஸ். நாளைக்கு அத தெரியாம வேற பெடல்ல சொருகிடாதீங்க, இன்னைக்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைங்க.

இப்ப டடட. ஆறாவது ஸ்டிரிங் 82 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் 12 மில்லிசெகண்டு இடைவெளி. கேட்ல டையோடுக்கு அப்புறம் இருக்குற கெப்பாசிட்டர் சின்னதா இருந்தா நோட் தேயுற நேரத்துல ஒவ்வொரு அலைக்கும் திறந்து மூடும், அந்த அடிதான் உங்க காதுல விழுறது. அங்க 0.1 மைக்ரோஃபாரட் இருந்து கூட 100கே ரெசிஸ்டர் இருந்தா 10 மில்லிசெகண்டுதான் தாங்கும். கெப்பாசிட்டர 4.7 மைக்ரோஃபாரட் ஆக்குங்க, கிட்டத்தட்ட அரை செகண்டு ஆயிடும், நோட் மெதுவா அடங்கும். வேகமா வெட்டி வெட்டி ரிதம் வாசிக்கணும்னா 1 மைக்ரோஃபாரட் போதும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் கேட் "கேக்குற" வயர எங்க இருந்து எடுத்திருக்கீங்கன்னு பாருங்க. பூஸ்டர் வால்யூமுக்கு பின்னாடி எடுத்திருந்தா வால்யூம தொடுறப்பெல்லாம் திரெஷோல்டும் நகரும். கிட்டார் உள்ள வர்ற இடத்துல இருந்து எடுங்க, மூடுற இடம் பூஸ்டருக்கு பின்னாடியே இருக்கட்டும்.

கேள்வி: ஸ்டிரிங்க தொட்டா இரைச்சல் குறையுது, ஆனா ஆம்ப் மேல கை பட்டா லேசா சுர்ருங்குது. பெடல்ல என்ன மாத்தணும்? (வேலூர் வாசகர்)

பதில்: பெடல்ல எதையும் மாத்த வேண்டாம், ஆம்ப இப்பவே பிளக்குல இருந்து எடுங்க. தொட்டா இரைச்சல் குறையுறது சாதாரணம், சுர்ருங்குறது சாதாரணம் இல்ல. மூணு பின் பிளக்குல எர்த் பின் உடைஞ்சிருக்கா, ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன் வழியா போகுதா, சுவர் பாயின்ட்ல எர்த் இருக்கா, மூணையும் எலக்ட்ரீஷியன வச்சு பாத்துட்டு, ஆம்பயும் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு அப்புறமா ஜாக்க சொருகுங்க.