டிரான்ஸ்லேட்டருக்குச் சம்பளம் நீங்களே கொடுங்கள்

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு எலாஸ்டிக் யூனிட் வைத்திருக்கிறேன். எலாஸ்டிக் நாடா நெய்யும் நீடில் லூம் தறி வாங்க சீனாவில் குவாங்சோவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். சீன மொழி சுத்தமாகத் தெரியாது, இங்கிலீஷும் சுமார்தான். மிஷின் கம்பெனிக்காரர்களே இலவசமாக ஆள் தருவதாகச் சொல்கிறார்கள். இங்குள்ள ஏஜென்ட் ஒருவர் மிஷின் விலையில் 2 சதவீதம் கொடுத்தால் கூடவே வருகிறேன் என்கிறார். சொந்தக்காரப் பையன் அங்கே மருத்துவம் படிக்கிறான், அவனைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் வீட்டில். செலவும் கட்டுப்படியாக வேண்டும், ஆளும் நம்பிக்கையாக இருக்க வேண்டும். யாரை வைத்துக்கொள்வது?

பதில்: மூன்று பேரும் வேண்டாம். கம்பெனி தரும் ஆளுக்குச் சம்பளம் கம்பெனியிலிருந்து வருகிறது, நீங்கள் விலை குறைத்துக் கேட்கும்போது அவர் யார் பக்கம் நிற்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஏஜென்டுக்குச் சதவீதக் கணக்கு, மிஷின் விலை ஏற ஏற அவர் பங்கும் ஏறும், அப்புறம் எதற்கு உங்களுக்காகப் பேரம் பேசப்போகிறார்? பையன் நல்லவனாகவே இருக்கட்டும், ஆனால் படிப்பு விசாவில் இருப்பவர் முறையான அனுமதி இல்லாமல் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்வது சட்டப்படி தவறு, பிடிபட்டால் படிப்பே போய்விடும். போதாததற்கு, மருத்துவம் படிக்கிறவனுக்கு ரீட், பீம், ரப்பர் ஃபீடர் என்ற தறிப் பாகங்கள் எல்லாம் எங்கே தெரியும்?

உங்களிடம் மட்டும் காசு வாங்கும் ஆளாக ஒருவரைத் தேடுங்கள். தமிழ் பேசும் சீனர்களும் இருக்கிறார்கள்தான், சீன வானொலியின் தமிழ்ச் சேவை 1963-லேயே தொடங்கியது. ஆனால் அப்படி ஒருவரைக் குவாங்சோவில் தேடிப் பிடிப்பது கஷ்டம், செலவும் கூடும். இங்கிலீஷ்–சீனம் தெரிந்தவரை அங்கே அமர்த்திக்கொண்டு, இங்கிருந்து ஓரளவு இங்கிலீஷ் பேசுகிற உங்கள் ஃபிட்டரையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஃபிட்டர் என்றால் இன்னும் நல்லது, மிஷினையும் அவரே பார்த்துவிடுவார்.

குவாங்சோவில் இருக்கும் குவாங்டாங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் வாய்வழி மொழிபெயர்ப்பையே தனிப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே படித்த சீன மாணவர்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் எல்லாம் அனுபவசாலிகளைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். கேட்டி (CATTI) என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஒரு அரசுத் தேர்வு 2003 முதல் நடக்கிறது, அதில் தேறியவரா என்றும் விசாரியுங்கள். அதைவிட முக்கியம், ஏற்கெனவே ஏதாவது ஃபேக்டரிக்குள் போய் மொழிபெயர்த்திருக்கிறாரா என்பது. பொதுச் சீன மொழியான மாண்டரினோடு, அந்தப் பகுதிப் பேச்சான கான்டனீஸும் புரிகிறவராக இருந்தால் விடாதீர்கள், ஏனென்றால் முதலாளியும் மேஸ்திரியும் தங்களுக்குள் கான்டனீஸில் பேசிக்கொள்வதைக் காதில் வாங்கும் ஆள் உங்களுக்கு வேண்டும்.

சரி, சீனமே தெரியாத நாம் அவரை எப்படிச் சோதிப்பது? ஊரிலிருந்தே வீடியோ காலில் கூப்பிட்டு, ஓடுகிற தறியைக் காட்டுங்கள். தறியின் அளவு 8/27 என்றால் ஒரே நேரத்தில் எட்டு டேப் (நாடா) ஓடும், ஒவ்வொன்றும் 27 மில்லிமீட்டர் அகலம் வரை போகும் என்று விளக்கிவிட்டு, அதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நம்மூர் த்ரீ ஃபேஸ் 415 வோல்ட், அங்கே 380, மோட்டாரும் பேனலும் நம்ம கரன்டுக்கு ஏற்ற மாதிரி வேண்டும் என்று ஃபேக்டரியில் எப்படிக் கேட்பீர்கள் என்று கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கிறாரா, இல்லை எல்லாவற்றுக்கும் ஓகே ஓகே என்று போகிறாரா என்று பாருங்கள். நிறுத்திக் கேட்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பார்ட்ஸ் பெயர்களைப் போட்டோவோடு ஒரு பக்கத்துக்கு எழுதி முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அவர் படித்துக்கொண்டு வருவார்.

எண்களில்தான் பெரிய ஆபத்து. நாம் லட்சத்தில் நினைக்கிறோம், இங்கிலீஷில் ஆயிரம், மில்லியன், சீனர்களோ பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள். இத்தனையும் தாண்டி வாயால் சொல்லும் விலையில் ஒரு சைபர் நழுவுவது சகஜம், நல்ல டிரான்ஸ்லேட்டருக்கே நழுவும். விலை, டெலிவரி நாள், ஸ்பேர் எண்ணிக்கை எதுவானாலும் கால்குலேட்டரில் அடித்து எதிராளி கண்முன்னே காட்டித் தலையாட்ட வையுங்கள்.

கூலி பேசும்போது ஒரு நாளைக்கு எத்தனை யுவான், எத்தனை மணி நேரம், சாப்பாடும் வண்டிச் செலவும் யாருடையது என்று எல்லாவற்றையும் சீனர்களின் மெசேஜ் ஆப்பான வீசாட்டில் எழுத்தாக வாங்கிவிடுங்கள், விற்கிறவரிடம் கமிஷன் வாங்கமாட்டேன் என்ற வரியோடு சேர்த்து. அந்த ஊரில் கடைக்காரர்கள் டிரான்ஸ்லேட்டருக்குக் கமிஷன் கொடுப்பது உண்டு, அது கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறும். அதனால் எந்த ஃபேக்டரிக்குப் போவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், விற்கிறவருடைய நம்பரை நீங்களே நேரடியாக வாங்குங்கள், அதிகபட்சம் எவ்வளவு வரை போவீர்கள் என்பதை டிரான்ஸ்லேட்டரிடம்கூடச் சொல்லாதீர்கள். அன்றன்றைய கூலியை அன்றன்று மாலையே கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து கூலியில் ரொம்பக் கறாராக இருக்காதீர்கள், நாள் முழுக்க இரண்டு மொழியில் பேசுவது உடம்பை முறிக்கும் வேலை, குறைத்துக் கொடுத்தால் அவரைக் கமிஷன் பக்கம் நீங்களே தள்ளுகிறீர்கள்.

போன் ஆப் போதாதா என்று கேட்பீர்கள். டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் போதும். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே முடக்கப்பட்டவை, நம்ம சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் ஓடும். ஒப்பந்தத்துக்கு மட்டும் ஆப்பை நம்பாதீர்கள், கூட வந்த டிரான்ஸ்லேட்டரையும் நம்பாதீர்கள். எழுத்து மொழிபெயர்ப்பு வேறு வேலை, அதற்குத் தனியாக ஒருவரிடம் காசு கொடுத்துச் சீனப் பிரதியைப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனியின் சிவப்பு முத்திரை இருக்கிறதா, லைசென்ஸில் உள்ள 18 இலக்க எண் அதே பெயரில்தானா, பணம் போகும் வங்கிக் கணக்கு கம்பெனி பெயரிலா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 30 சதவீதம் முன்பணம் கேட்பார்கள். என் கணக்கில் போடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன் என்று டிரான்ஸ்லேட்டர் சொன்னால் அந்த நிமிடமே ஆளை மாற்றுங்கள்.

எப்போது போவது என்பதிலும் காசு மிச்சமாகும். ஏப்ரல் பாதியிலிருந்தும் அக்டோபர் பாதியிலிருந்தும் குவாங்சோவின் பெரிய வர்த்தகக் கண்காட்சியான கான்டன் ஃபேர் நடக்கும் நாட்களில் ஹோட்டல் வாடகையும் டிரான்ஸ்லேட்டர் கூலியும் எகிறும், ஃபேக்டரி முதலாளிகளும் ஸ்டாலில் உட்கார்ந்திருப்பார்கள். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டையொட்டிய வாரங்களும் விடுமுறை, மிஷின் ஓடாது. நீங்கள் மிஷின் ஓடுவதைப் பார்க்கத்தானே போகிறீர்கள், ஜூனிலோ செப்டம்பரிலோ போங்கள், டிரான்ஸ்லேட்டர் தேதியை உறுதி செய்த பிறகு டிக்கெட் போடுங்கள்.