குட்டி ஐகான்ல பூனை மூஞ்சி தெரியலையா?

கேள்வி: கிம்ப்ங்கற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல என் பூனை போட்டோவ 100க்கு 100 பிக்சல் ஐகானா சுருக்கினா மூஞ்சியே தெரியல, பின்னணிய அழிச்சும் சுத்தி வெள்ளை கட்டம் வேற வருது. என்ன பண்ண?

பதில்: முழு பூனையையும் உள்ள அடைக்கப் பாத்தா அப்படித்தாங்க ஆகும், மொத்தமே 10,000 புள்ளிதான், அதுல வாலுக்கு ஏது இடம்? முதல்ல கிராப் டூல்ல 1:1 விகிதம் வெச்சு கண்ணு மூக்கு மட்டும் வெட்டுங்க, அப்புறம் ஸ்கேல் இமேஜ்ல சுருக்கிட்டு லேசா ஷார்ப்பன் கொடுங்க, ஓவரா கொடுத்தா மீசையெல்லாம் கம்பி மாதிரி நிக்கும். வெள்ளை கட்டம்? ஜேபெக்ல சேவ் பண்ணிருப்பீங்க, அதுல டிரான்ஸ்பரன்சி, அதாவது பின்னணி ஒண்ணுமில்லாம தெரியற வசதி, கிடையாது. லேயர்ல ஆல்பா சேனல் (எந்த இடம் எவ்வளவு ஊடுருவித் தெரியணும்னு வெச்சிருக்கற தகவல்) சேத்துட்டு பின்னணிய அழிச்சு, பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. ஜிஃப் வேணாம், 256 கலர்தான், முடியெல்லாம் திட்டுத்திட்டா தெரியும்.