காய்ச்சல் விட்ட பிறகு வரும் ரத்த, சிறுநீரகக் கோளாறுகள்: கேள்வி பதில்

நான் நோயியல் மருத்துவர். பாளையங்கோட்டையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ரத்த ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிய ரத்தத் துளி) பார்ப்பதுதான் என் வேலை. வைரஸ் காய்ச்சலை ஒட்டி அபூர்வமாக வரும் ரத்த, சிறுநீரகக் கோளாறுகளைப் பற்றிக் கேளுங்கள். ரிப்போர்ட்டை அனுப்பி மருந்து கேட்க வேண்டாம். அதை உங்களைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): டாக்டரம்மா, என் தங்கைக்கு 32 வயது. சளிக்காய்ச்சல் விட்டு ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, பேச்சுக் குழறல். பிளேட்லெட் 12,000. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். மதுரைக்குக் கொண்டுபோன பிறகு டிடிபி என்று சொல்லி பிளாஸ்மா மாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். வெறும் சளி எப்படி இவ்வளவு தூரம் இழுத்துவிட்டது?

பதில்: தங்கை பிழைத்து வந்தது பெரிய நிம்மதி அம்மா. டிடிபி என்பது மெல்லிய ரத்தக்குழாய்களில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) கும்பலாக ஒட்டி அடைக்கிற நோய். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதற்கு ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு. வான் வில்பிராண்ட் காரணி என்று பெயர். ரத்தக்குழாயின் உட்சுவரிலிருந்து வெளிவரும்போது அது மிக நீளமாக இருக்கும். அதை அளவாக நறுக்குவது அடாம்-டிஎஸ்-13 என்ற என்சைம். சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி இந்த என்சைமை முடக்கிவிடுகிறது. நீண்டு கிடக்கும் புரதத்தில் தட்டணுக்கள் கும்பலாக ஒட்டி, மூளை, இதயம், சிறுநீரகம் என்று மெல்லிய குழாய்களில் எல்லாம் சின்னச் சின்ன அடைப்பு விழும். உங்கள் தங்கையின் தட்டணுக்கள் அந்த அடைப்புகளில்தான் செலவாகியிருக்கின்றன. பேச்சுக் குழறியதும் அதனால்தான்.

அடைப்புகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வரும் சிவப்பணுக்கள் கிழிபடும். ஸ்மியரில் அது கண்ணுக்குத் தெரியும். வட்டமாக, நடுவில் வெளுத்து இருக்க வேண்டிய அணு ஒரு பக்கம் வெட்டுப்பட்டு இரண்டு கொம்போடு நிற்கும். சில முக்கோணமாக இருக்கும், சில வெறும் துணுக்கு. தட்டணு குறைந்த ஒருவரின் ஸ்லைடில் இவற்றைப் பார்த்தால், ரிப்போர்ட் டைப் ஆகட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. உடனே வார்டுக்குப் போன் செய்துவிடுவேன். எண்ணுகிற மெஷின் 12,000 என்று மட்டும்தான் சொல்லும். அது டெங்குவா டிடிபியா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: தட்டணு குறைந்தால் ஸ்மியரை ஒரு டாக்டர் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள்.

சளி வைரஸ் இந்த நோயை நேரடியாக உண்டாக்கவில்லை. ஏற்கெனவே அந்தச் சாய்வு உள்ள உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டிருக்கிறது. இன்ஃப்ளூயன்சா, கோவிட் இரண்டுக்குப் பின்னாலும் டிடிபி வந்ததாகப் பதிவுகள் உண்டு. எச்ஐவி தெரிந்த ஒரு காரணம், ஆகவே டிடிபி வந்த எல்லோருக்கும் அந்த டெஸ்ட்டும் செய்வார்கள், பயப்பட வேண்டாம்.

1924-இல் நியூயார்க்கில் எலி மோஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் 16 வயதுப் பெண் ஒருத்தியிடம் இதை முதலில் விவரித்தார். அந்தப் பெண் இறந்துபோனாள். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் இறக்கும் நோய் இது. பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) வெறுமனே ஏற்றுவதைவிட மாற்றுவதுதான் மேல் என்று 1991-இல் வந்த கனடிய ஆய்வு காட்டிய பிறகு பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். ஆனால் திரும்ப வரக்கூடியது. தங்கைக்கு இனி எந்தக் காய்ச்சல் வந்தாலும் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (தென்காசி): பேரனுக்கு 4 வயது. காய்ச்சல் விட்டு இரண்டு வாரத்தில் கால் முழுக்க புள்ளி, பிளேட்லெட் 18,000. பையன் ஓடி விளையாடுகிறான். ஐடிபி என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: ஓடி விளையாடுகிறான் என்பதே நல்ல சேதி. ஐடிபி என்பது எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கிற நோய். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் ஐடிபி, பத்தில் எட்டுப் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். மரம் ஏறுவது, சைக்கிள் இரண்டும் கொஞ்ச நாள் வேண்டாம். தலையில் அடிபட்டாலோ, வாயில் ரத்தம் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. புரூஃபென் வகை வலி மருந்து கூடாது.

கேள்வி (வள்ளியூர்): எனக்கு 24 வயது. தொண்டை வலி வந்த மறுநாளே சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மூன்று நாளில் சரியாகிவிட்டது. போன வருஷமும் இப்படித்தான். விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது தம்பி. தொண்டை வலிக்கும் நிற மாற்றத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்பதுதான் இதில் துப்பு. ஒன்றிரண்டு நாளில் வந்தால் ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படிகிற நோய்) என்று முதலில் சந்தேகப்படுவோம். 1968-இல் பாரிஸில் பெர்ஜே விவரித்த நோய். ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். நிறம் தெளிந்துவிட்டதால் நோய் போய்விட்டது என்று ஆகாது. சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்), ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (பேட்டை): டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

பதில்: எண்ணிக்கை கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் டெங்குவில் உயிரை வாங்குவது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதுதான். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா, சிறுநீர் போகிறதா, வயிறு வலிக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): பப்பாளி இலையை எத்தனை வேளை கொடுக்க வேண்டும்?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில்): நாங்கள் ரத்ததானக் குழு நடத்துகிறோம். ஒவ்வொரு மழைக்காலமும் ராத்திரி பகல் பார்க்காமல் பிளேட்லெட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எண்ணிக்கையே முக்கியமில்லை என்கிற மாதிரி இருக்கிறதே. அது எங்களை அவமதிப்பது இல்லையா?

பதில்: அவமதிக்கவில்லை தம்பி. கொடுக்கிற கையை நான் கும்பிடுகிறேன். ஆனால் ஏற்றுகிறவர்கள் யோசித்து ஏற்ற வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20,000-க்குள் இருந்த, பெரிய ரத்தக்கசிவு இல்லாத 372 டெங்கு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளிவந்தது. முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் கசிவு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் கூடின. டிடிபியில், உயிர் போகிற ரத்தக்கசிவு இருந்தால் ஒழிய, தட்டணு ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள். அடைப்பு இன்னும் பெருகும் என்ற பயம்.

அதே குழுவிலிருந்து: 30,000 என்றதும் டாக்டரே எழுதிக் கொடுக்கிறார். சொந்தக்காரர்கள் அழுகிறார்கள். நாங்கள் முடியாது என்று சொல்ல முடியுமா?

ஒரு செவிலியர் (நாங்குநேரி): டாக்டரம்மா சொல்வது சரிதான் அண்ணாச்சி. ஏற்றாவிட்டால் "எதுவுமே செய்யவில்லை" என்று வார்டில் சண்டைக்கு வருகிறார்கள். அந்தப் பயத்தில்தான் பாதி பாட்டில் ஏறுகிறது.

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டிவைத்ததிலிருந்து நம் ஊரில் எண்ணிக்கை என்றாலே குலை நடுங்குகிறது. தம்பி, மறுக்க வேண்டாம். "ரத்தம் கசிகிறதா, ஸ்மியர் பார்த்தாச்சா" என்று மட்டும் கேளுங்கள். 10,000-க்குக் கீழே போனாலோ, கசிவு இருந்தாலோ கேட்கிற தட்டணுவுக்கு ஓடுங்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி): அப்பா பிசான நடவுக்கு வயலில் நின்றவர். ஐந்து நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் மஞ்சள், சிறுநீர் குறைந்துவிட்டது, பிளேட்லெட் 60,000. இதுவும் வைரஸ்தானே?

பதில்: இதைப் படித்ததும் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இன்றைக்கே. எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கிறது. அது பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படும். ஸ்க்ரப் டைஃபஸும் (சிறு பூச்சி கடித்து வரும் பாக்டீரியாக் காய்ச்சல்) இப்படித் தட்டணுவைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு கட்டும் இடத்தில் சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று வேட்டியை விலக்கிப் பாருங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடவே கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

கேள்வி (கடையம்): மகளுக்குப் பிறவியிலேயே ஸ்ஃபெரோசைட்டோசிஸ் (சிவப்பணு உருண்டையாகி சீக்கிரம் அழியும் நோய்). கன்னம் சிவந்து காய்ச்சல் வந்தது, ஹீமோகுளோபின் 9-லிருந்து 4-க்கு இறங்கிவிட்டது.

பதில்: பார்வோ வைரஸ் பி19 ஆக இருக்கலாம். 1975-இல் லண்டனில் இவோன் கோசார்ட் கண்டுபிடித்தது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும் செல்களையே தாக்கி, ஒரு வாரம் பத்து நாள் உற்பத்தியை நிறுத்திவிடும். சாதாரணமாகச் சிவப்பணு 120 நாள் வாழ்வதால் நமக்குத் தெரியாது. உங்கள் மகளின் அணுக்கள் சீக்கிரம் அழிவதால் சட்டென்று இறங்கிவிட்டது. ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கை அடிமட்டத்தில் இருந்தால் இதுதான். இப்போது ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், மஜ்ஜை தானாக மீளும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தள்ளி இருக்கட்டும்.

கேள்வி (களக்காடு): காய்ச்சலுக்கு ஒரு வலி ஊசி போட்டால் உடனே இறங்குகிறது. அதில் என்ன தப்பு?

பதில்: சேரன்மகாதேவிக்குச் சொன்னதேதான். பாரசிட்டமால் போதும். தயவுசெய்து இதைத் திரும்பக் கேட்காதீர்கள்.

கேள்வி (பாவூர்சத்திரம்): டெங்கு வந்து பத்து நாள் ஆகியும் அண்ணனுக்குக் காய்ச்சல் விடவில்லை. ஃபெரிட்டின் 14,000.

பதில்: டெங்கு வழக்கமாக ஒரு வாரத்தில் இறங்கிவிடும். பத்து நாள் காய்ச்சல், இவ்வளவு ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம், அழற்சியில் ஏறும்) என்றால் எச்எல்எச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி அடங்காமல் சொந்த ரத்த அணுக்களையே விழுங்குகிற நிலை. மண்ணீரல் வீக்கம், ட்ரைகிளிசரைடு, ஃபைப்ரினோஜன் பார்த்து முடிவு செய்வார்கள். ரத்தநோய் நிபுணர் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள்.

கேள்வி (பாபநாசம்): கண்ணாடி விரியன் கடித்தாலும் இப்படி அணு கிழியுமாமே?

பதில்: கிழியும், சிறுநீரகமும் போகும். ஆனால் அது விஷம். பாம்புக்கடி பார்க்கிறவரைக் கேளுங்கள்.

சங்கரன்கோவில் குழு: சரி, ஒத்துக்கொள்கிறோம். டிடிபி மாதிரி நோய்க்கு நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: பிளாஸ்மா. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒருமுறை மாற்ற ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வேண்டும். ஒரு பை 200 மில்லி என்றால் ஒரு நாளைக்கே பன்னிரண்டு, பதிமூன்று பை ஆகும், அது பல நாள் தொடரும். ஏபி குரூப் பிளாஸ்மா எந்த குரூப்காரருக்கும் சேரும். உங்கள் ஏபி குரூப்காரர்களைத் தனிப் பட்டியலாக எழுதி வையுங்கள். மழை தொடங்குமுன்னே அவர்களை ஒருமுறை கொடுக்கச் சொல்லுங்கள். உறைய வைத்த பிளாஸ்மா ஒரு வருஷம் தாங்கும்.