குளோரின் வாளியும் கஃபன் துணியும்

வணக்கம்.

2014 செப்டம்பரில் கினியாவின் வோமே கிராமத்துக்கு எபோலா விழிப்புணர்வுக்காகப் போன குழுவில் எட்டுப் பேரை ஊரார் கொன்றதைப் படித்துப் பதறினேன். அறிவியலை நம்பாத ஜனங்களை என்ன செய்வது? பிரச்சாரத்தை இன்னும் கூட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாமோ?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் பிரச்சாரம் போதாமல் வந்த வினை என்று நான் நினைக்கவில்லை. ஆரம்பத்தில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதே "எபோலாவுக்கு மருந்து இல்லை" என்பதுதான். மருந்தில்லாத இடத்துக்குப் பெற்ற தாயை யார் அனுப்புவார்கள்? வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், தொற்றியது.

அடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எபோலாவில் இறந்தவர் உடலில் கிருமி உச்சத்தில் இருக்கும். குளிப்பாட்டுகிறவருக்கு ஒட்டிக்கொள்ளும். மருத்துவர்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வந்தவர்கள் முகம் மூடிய கவச உடையில் வண்டியிலிருந்து இறங்கி, குளோரின் அடித்து, உடலைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல வீடுகளுக்குத் தெரியாது. நோயைப் பரப்பத்தான் மருந்தடிக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. சாவை மறைத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் குளிப்பாட்டிப் புதைத்தார்கள்.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மதப் பெரியவர்களையும் மானுடவியலாளர்களையும் கலந்து புதிய நடைமுறை வெளியிட்டது. குழு சாதாரண உடையில் வந்து முதலில் துக்கம் விசாரிக்க வேண்டும். குடும்பம் சம்மதிக்கும்வரை எதையும் தொடங்கக்கூடாது. முஸ்லிம் வீடென்றால் குளிப்பாட்டுவதற்குப் பதில், கவச உடை அணிந்தவர் தயம்மம் (தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணைக் கொண்டு செய்யும் தூய்மைச் சடங்கு) செய்துவைக்கலாம். உடலைச் சுற்றும் கஃபன் துணி உண்டு. குழி வெட்டுவதிலும் பிரார்த்தனையிலும் உறவினர் சேரலாம். வெறுங்கையால் உடலைத் தொடக்கூடாது என்ற விதி மட்டும் துளியும் தளரவில்லை.

குளோரினிலும் கவனம் தேவை. உடலை வைக்கும் பைக்கும் தரைக்கும் 0.5 சதவீதக் கரைசல்: 70 சதவீதக் குளோரின் தூள் என்றால் லிட்டருக்கு 7 கிராம். வெறுங்கை கழுவ 0.05 சதவீதம், அதாவது முந்தையதில் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர். வீரியம் குறைந்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வாளி மாறினால் கை எரியும். கை எரிந்தவர் தெருவில் போய் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். வாளிகளில் பெரிதாக எழுதி ஒட்டுவது அதற்காகவும்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுவரொட்டி அச்சடிக்கும் முன்னால், அந்த ஊரில் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுகிறவர்கள் யார் என்று விசாரித்து, அவர்களை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். எதை விடலாம், எதை விட முடியாது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.