டிசைன் படிக்கணும்னு நிக்கிற பிள்ளைக்கும் ஏஐ-ய பார்த்து பயப்படுற அப்பாவுக்கும் நடுவுல இருக்கிற தக்கலை அக்காவுக்கு

அக்கா, நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் முழுசும் கேட்டேன். பிள்ளை பிளஸ் டூ காமர்ஸ், நல்லா வரைவா, டிசைன்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா, அவ அப்பா கல்ஃப்ல இருந்து போன் போட்டு "எல்லாம் ஏஐ செஞ்சிரும், பேசாம பி.காம் போட்டுட்டு பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லு"ன்னு சத்தம் போடுதாரு, நீங்க ரெண்டு பேருக்கும் சமாதானம் சொல்லி ஓஞ்சு போயிட்டீங்க. வெசனப்படாதீங்க, இந்த வருஷம் இதே கதையோட வர்ற வீடு நிறைய.

முதல்ல அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு, அதை மறுக்க வேண்டாம். 2025 நவம்பர்ல ஓம்னிகாம்னு ஒரு பெரிய விளம்பர கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியான இன்டர்பப்ளிக்க வாங்கி முடிச்சுது, முடிச்ச கையோட சுமார் 4,000 பேருக்கு வேலை போகும்னு சொல்லிட்டாங்க, டிடிபி (DDB)-ங்கிற பழைய விளம்பர ஏஜென்சியோட பேரையே மூடுறோம்னும் சொன்னாங்க. 1959-ல ஃபோக்ஸ்வாகன் காருக்கு 'சின்னதா யோசி'ன்னு விளம்பரம் போட்டு உலகம் பூரா பாடமா சொல்லிக்குடுக்கிற ஏஜென்சி அது, அதுக்கே இந்த கதி. கோகோ கோலா 2024 கிறிஸ்துமஸுக்கு ஏஐ வச்சு விளம்பரம் எடுத்து ஊரெல்லாம் திட்டு வாங்கிச்சு, அப்படியும் அடுத்த வருஷமும் ஏஐ-லயேதான் எடுத்தாங்க. அதனால "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு நான் சொன்னா அது பொய்.

ஆனா எந்த வேலை போகுதுன்னு கொஞ்சம் உத்துப் பாக்கணும். ஒரே போஸ்டரை பத்து சைஸ்ல மாத்துறது, பின்னாடி இருக்கிற சுவரை அழிச்சுட்டு கடற்கரைய வைக்கிறது, ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து பேனர் செய்றது, கல்யாண ஃப்ளெக்ஸ்ல வெளிநாட்டுல இருக்கிற மாமாவ வெட்டி ஒட்டுறது, இதெல்லாம் போயிட்டே இருக்கு. இதுல உள்ள சிக்கல் என்னன்னா புதுசா வர்ற பிள்ளைங்க முதல் ரெண்டு வருஷம் இந்த வேலைய செஞ்சுதான் தொழில் பழகினாங்க, இப்ப அந்த முதல் படிதான் ஆட்டம் கண்டிருக்கு. அதனால நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் 'ஏஐ டிசைனிங் டிப்ளமோ, வேலை உறுதி'ன்னு நோட்டீஸ் குடுக்கிற இடத்துல போயி பெரிய தொகையக் கட்டிராதீங்க, சாஃப்ட்வேர் பட்டனை மட்டும் சொல்லிக்குடுக்கிற கோர்ஸுக்கு இனி பைசா குடுக்கிறது வேஸ்ட்டாக்கும். அந்த பட்டன் ஆறு மாசத்துக்கு ஒருக்க மாறுது, யூடியூப்ல சும்மாவே கிடைக்குது, ஃபிக்மா மாதிரி டிசைன் சாஃப்ட்வேரை ஸ்டூடண்ட்ஸுக்கு இலவசமாவே குடுக்காங்க.

பிள்ளை எந்த மாதிரி பிள்ளைன்னு பாக்க வீட்டுலயே ஒரு சின்ன சோதனை இருக்கு. மார்த்தாண்டத்துல ஒரு பாட்டில் தேன் வாங்கி அவ கையில குடுங்க, "இதுல என்னென்ன சரியில்ல, எப்படி மாத்துவ"ன்னு மட்டும் கேளுங்க, வேற ஒண்ணும் சொல்லாதீங்க. என்ன படிக்கலாம்னு வழி சொல்ல நான் ஸ்கூலுக்குப் போனா இதைத்தான் செய்வேன். முக்கால்வாசிப் பேரு உடனே லேபிள்ல பெரிய தேனீயும் பூவும் வரைவாங்க, அதுவும் கொள்ளாம். ஆனா ஒண்ணு ரெண்டு பிள்ளை பாட்டிலை கையில உருட்டிப் பாத்துட்டு, ஊத்தும்போது தேன் கழுத்து வழியா வடிஞ்சு லேபிள்ல இறங்குது, அது இறங்குற இடத்துலதான் காலாவதி தேதிய மையில அடிச்சிருக்காங்க, துடைச்சா தேதியே போயிருது, தேன் நெறத்து மேல மஞ்ச எழுத்துல பேரு போட்டிருக்காங்க தூரத்துல இருந்து தெரியல, மூடிய திறந்தா அடுத்த நாள் எறும்புன்னு அடுக்கிட்டே போகும். எஃப்எஸ்எஸ்ஏஐ-ங்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட லைசென்ஸ் நம்பர், எடை, எம்ஆர்பி, சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி இதெல்லாம் சட்டப்படி லேபிள்ல இருக்கணும்னு சொன்னா, அப்ப தேனீய சின்னதாக்கணும்னு அதுவே சொல்லும்.

முதல் வகை பிள்ளைக்கு விஷுவல் கம்யூனிகேஷன், கிராஃபிக் டிசைன் பக்கம் மனசு போகும். ரெண்டாவது வகைக்கு ப்ராடக்ட் டிசைன், பேக்கேஜிங், ஆப் டிசைன். (ஐடி கம்பெனி விளம்பரத்துல 'ப்ராடக்ட் டிசைனர்'னு இருந்தா அது பெரும்பாலும் ஆப்போட ஸ்க்ரீன் வடிவமைக்கிற வேலை, மிக்சியும் நாற்காலியும் வடிவமைக்கிற வேலை இல்ல, படிப்பும் வேற. சேரும்போது பாடத்திட்டத்தைக் கேட்டுக்கிடுங்க.)

அதே தேன் லேபிளை ஏஐ-கிட்ட கேளுங்க, அவளையே கேக்கச் சொல்லுங்க. நிமிஷத்துல அழகா படம் வந்து விழும், ஆனா 'மார்த்தாண்டம்'ல புள்ளி காணாம போயிருக்கும், இல்ல துணைக்கால் வேற எழுத்துல போயி ஒட்டியிருக்கும். இது இப்ப குறைஞ்சுட்டுதான் வருது, நாளைக்கு சரியாயிரும். ஆனா தேன் எங்கே வடியுதுன்னு கடையில நின்னு பார்க்கிறதும் கடைக்காரர்கிட்ட பேச்சுக் குடுக்கிறதும் ஒரு ஆள் போயி செய்ற வேலை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இந்த வேலைக்கு பஞ்சமே இல்ல. கிராம்புக்கு 2021-ல புவிசார் குறியீடு, மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல, தோவாளை மாணிக்க மாலைங்கிற பூமாலைக்கு 2025-ல. சர்டிபிகேட் வந்தாச்சு, ஆனா மட்டிப்பழம் நசுங்காம கருக்காம சென்னைக்குப் போயி சேர ஒரு நல்ல பெட்டி, அந்தப் பெட்டி மேல இது வேற பழம்னு காட்டுற ஒரு அடையாளம், இதெல்லாம் யாராவது உக்காந்து யோசிச்சு செய்யணும்ல. அதுல உடனே லட்சக்கணக்குல சம்பளம் வரும்னு நான் சொல்லல, ஆனா காலேஜ் இன்டர்வியூல காட்ட இதைவிட நல்ல ப்ராஜெக்ட் கிடையாது.

இப்ப நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம் தேதிதான் அக்கா. நம்மூர்ல மே மாசம் ரிசல்ட் வந்தப்பறம்தான் "என்ன சேக்கலாம்"னு கெளம்புவோம், எஞ்சினியரிங்குக்கு அது சரி. டிசைனுக்கு அந்த நேரம் எல்லா பெரிய எக்ஸாமும் முடிஞ்சிருக்கும். வருஷா வருஷம் ஜூன் மாசம் நல்லா வரையிற பிள்ளைங்க அப்பா அம்மாவோட வந்து நிக்கிறதும் "அடுத்த வருஷம் எழுது மக்கா"ன்னு நான் சொல்லி அனுப்புறதும் எனக்கே சங்கடமா இருக்கு.

யுசீட்னு ஒரு எக்ஸாம், ஐஐடி பம்பாய் நடத்துது, பம்பாய், டெல்லி, ஹைதராபாத் மாதிரி ஐஐடிகள்ல பி.டெஸ், அதாவது டிசைன் டிகிரி, சேர இதுதான் வழி. ஃபார்ம் அக்டோபர் வாக்குல வரும், எக்ஸாம் ஜனவரியில. காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் பிள்ளைங்களும் எழுதலாம், ஆனா எந்த இன்ஸ்டிடியூட் எந்த குரூப்பை எடுக்குதுன்னு பிராஸ்பெக்டஸைப் பார்த்துக்கிடணும். 300 மார்க், மூணு மணி நேரம், அதுல 200 கம்ப்யூட்டர்ல, 100 கையால வரையிறது, கம்ப்யூட்டர் பகுதியில தேறினாதான் வரைஞ்சதைத் திருத்துவாங்க. மொத்தம் ரெண்டு வாய்ப்புதான், அதுவும் அடுத்தடுத்த வருஷத்துல. கேள்வி இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ் மீடியம் பிள்ளைன்னா பழைய பேப்பரை இப்பவே போட்டுப் பார்க்கணும்.

அகமதாபாத்துல 1961-ல ஆரம்பிச்ச என்ஐடி (NID, நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், எஞ்சினியரிங் படிக்கிற NIT இல்ல) தனியா எக்ஸாம் வைக்குது, ஆந்திரா, போபால், குருஷேத்ரா, ஜோர்ஹாட்லயும் என்ஐடி உண்டு, அதுக்கும் ஃபார்ம் முன்னாடியே வந்துரும். சென்னை தரமணியில நிஃப்ட்னு மத்திய அரசோட ஃபேஷன் காலேஜ் இருக்கு, துணி தைக்கிற காலேஜ்னு நினைச்சுக்கிட்டு நிறைய பேரு விட்டுருதாங்க, அங்க ஃபேஷன் கம்யூனிகேஷன்னு ஒரு பிரிவு இருக்கு, விளம்பரம் பிராண்டிங் பக்கம் போறவங்களுக்கு நல்லா பொருந்தும். ரொம்ப செலவு பண்ண முடியாதுன்னா சென்னையிலயும் கும்பகோணத்துலயும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு, சென்னையில இருக்கிறது 1850-ல தொடங்கினது, பி.எஃப்.ஏ-வுல விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் உண்டு, தனியார் காலேஜோட பாத்தா ஃபீஸ் ரொம்பக் கம்மி. என்னைக் கேட்டா பேரு தெரியாத தனியார் டிசைன் காலேஜ்ல லட்சக்கணக்குல கட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அண்ணன் பி.காம்லதான் நிப்பேன்னு சொன்னா அதோட கதவு மூடிரல. டிசைன்ல மேல்படிப்பான எம்.டெஸ்ஸுக்கு சி.இ.இ.டி-னு எக்ஸாம் இருக்கு, பிளஸ் டூ-க்கு அப்புறம் மூணு வருஷ டிகிரி முடிச்ச யாரும் எழுதலாம், ஆனா சில இன்ஸ்டிடியூட் அட்மிஷனுக்கு நாலு வருஷ டிகிரி கேக்கும், அதை இப்பவே பாத்து வச்சுக்கணும். ரூபாய்க்கு 2010-ல வந்த குறியீட்டை வரைஞ்ச உதயகுமார் கள்ளக்குறிச்சி பக்கத்துக்காரர், முதல்ல ஆர்க்கிடெக்சர் படிச்சவர், அப்புறம்தான் ஐஐடி பம்பாய்ல டிசைன். 2025 அக்டோபர்ல காலமான பியூஷ் பாண்டே ஃபெவிகால் விளம்பரம் எல்லாம் எடுத்தவர், அவர் படிச்சது ஹிஸ்டரி, ராஜஸ்தானுக்கு ரஞ்சி கிரிக்கெட் ஆடினவர், தேயிலை ருசி பாக்கிற வேலையும் செஞ்சிருக்கார், 1982-ல ஓகில்விங்கிற விளம்பர கம்பெனியில சேர்ந்தப்ப டிசைனரா சேரல. விளம்பரத்துக்குள்ள போற வழி ஒண்ணு மட்டும் இல்ல.

பைசா விஷயம். என்ஐடி, நிஃப்ட், ஐஐடி எதுவும் சல்லிசு கிடையாது, நாலு வருஷ ஹாஸ்டலும் சேரும். 2024 நவம்பர்ல மத்திய அரசு பிஎம் வித்யாலட்சுமின்னு ஒரு கடன் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தாங்க, லிஸ்ட்ல இருக்கிற காலேஜ்ல சேந்தா ஜாமீனும் வேண்டாம் நிலப் பத்திரமும் வேண்டாம், குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குள்ளன்னா 10 லட்சம் வரை கடனுக்கு படிக்கிற காலத்துல 3 சதவீதம் வட்டிச் சலுகை. அண்ணனோட கல்ஃப் சம்பளத்துக்கு சலுகை கிடைக்குமான்னு பேங்க்ல கேளுங்க, இதுக்காக வீட்டு நகைய மட்டும் அடகு வைக்காதீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணனை வீடியோ கால்ல வச்சுக்கிட்டு பிள்ளையோட வாங்க, அவ வரைஞ்ச நோட்டுல அழகா வந்ததை மட்டும் கிழிச்சு எடுத்துட்டு வர வேண்டாம், அடிச்சுத் திருத்தினதும் பாதியில விட்டதும் எல்லாம் அப்படியே வரட்டும், காலேஜ் இன்டர்வியூலயும் அதைத்தான் புரட்டிப் பாப்பாங்க.